இயர்போன் ஒலி சரியில்லையா? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

2,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாய் வரை விற்கும், காதுக்குள் செருகும் இயர்போன்களைப் பற்றியது இது. இந்த விலையில் இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை கேட்கும்படியாகவே இருக்கின்றன. அதனால் புதிதாக வாங்கியவர் “நல்லாவே இல்லை” என்று சொன்னால் எனக்கு முதல் சந்தேகம் இயர்போன் மேல் வராது. காதில் அது உட்கார்ந்த விதம், அதை ஓட்டும் போன், கேபிள், பாட்டுக் கோப்பு, வால்யூம் என்றுதான் போகும். இவற்றில் ஏதாவது ஒன்று கோளாறாக இருந்தால் நீங்கள் கேட்பது அந்த இயர்போனின் ஒலியே அல்ல. அதை வைத்து நல்லது கெட்டது சொல்வதில் பொருளில்லை.

தொடங்கும் முன் ஒலியை மாற்றும் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். போனில் இருக்கும் டால்பி அட்மாஸ், பாட்டுச் செயலியின் ஈக்வலைசர் (தாழ்ந்த, நடு, மேல் ஒலிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் அமைப்பு), இயர்போன் நிறுவனம் தரும் செயலியில் உள்ள ‘பேஸ் பூஸ்ட்’ வகையறா, விண்டோஸில் ‘லவுட்னஸ் ஈக்வலைசேஷன்’ எல்லாம் இதில் சேரும். ஸ்பாட்டிஃபையில் ஒலித்தரம் ‘நார்மல்’ என்று இருந்தால் வருவது நொடிக்கு 96 கிலோபிட் (கேபிபிஎஸ்) தான். கட்டணச் சந்தாவில் ‘வெரி ஹை’ என்று மாற்ற முடிந்தால் 320 வரை கிடைக்கும். டேட்டா மிச்சம் பிடிக்கும் அமைப்பை எப்போதோ போட்டுவிட்டு மறந்திருப்பவர்கள் நிறையப் பேர்.

அப்புறம் சோதிக்க மூன்று ஒலிப்பதிவுகள் போதும். குரலும் தம்புராவும் மிருதங்கமும் மட்டும் இருக்கும் ஒரு கச்சேரிப் பதிவு, பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் தெளிவாக இருக்கும் ஒரு திரைப்பாட்டு, யாராவது பேசும் ஒரு பதிவு. மூன்றும் உங்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். யாரோ பழைய கேசட்டிலிருந்து எடுத்து யூடியூபில் ஏற்றிய பாட்டை வைத்துச் சோதிக்காதீர்கள். அது எதில் கேட்டாலும் மங்கலாகத்தான் இருக்கும்.

பேஸே இல்லை, சத்தம் தகர டப்பா மாதிரி இருக்கிறது

இதுதான் அதிகம் வரும் புகார். பெரும்பாலும் இயர்போன் முனையில் மாட்டும் ரப்பர் டிப் காதை முழுதாக அடைக்காததுதான் காரணம். காதுக்குழாயை மூடிய சிறிய இடத்தில் காற்றழுத்தத்தை ஏற்றி இறக்கித்தான் இந்த வகை இயர்போன் தாழ்ந்த ஒலிகளை, அதாவது பேஸை, தருகிறது. ஓரத்தில் ஒரு மெல்லிய இடைவெளி இருந்தாலும் அந்த அழுத்தம் வெளியே போய்விடும். மேல் ஒலிகளுக்கு இந்தக் கசிவு ஒரு பொருட்டே இல்லை. குரல் கணீரென்று கேட்கும், டிரம்ஸின் அடி மட்டும் காணாமல் போயிருக்கும். “சத்தம் நன்றாகத்தானே வருகிறது, பேஸ் மட்டும் இல்லையே” என்று இயர்போனைத் திட்டுவது இதனால்தான்.

சோதனை எளிது. பாட்டு ஓடும்போது இரண்டு பக்கமும் விரலால் மெல்ல உள்ளே அழுத்துங்கள். பேஸ் திடீரென்று நிரம்பினால் கசிவு உறுதி. போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் செயலி (கேட்கும் அலைவெண்ணில் ஒலி எழுப்புவது) போட்டு 40 ஹெர்ட்ஸ் வைத்துப் பார்க்கலாம். சரியாக அடைத்திருந்தால் அந்த ஒலி உறுமலாகத் தெரியும். ஏர்பாட்ஸ் ப்ரோ, சோனியின் சில ஒயர்லெஸ் மாடல்கள் போன்றவற்றில் பொருத்தத்தைச் சரிபார்க்கும் வசதி போன் அமைப்பிலோ செயலியிலோ உண்டு.

கசிவு தெரிந்தால் முதலில் பெரிய அளவு டிப் போட்டுப் பாருங்கள். பெட்டியில் மாட்டியே வரும் நடுத்தர அளவோடு பலர் வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இடதுக்குப் பெரியது, வலதுக்கு நடுத்தரம் என்பது சாதாரணம். செருகும் விதமும் முக்கியம். எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, லேசாகத் திருகி உள்ளே விடுங்கள். மடலை விட்டதும் டிப் பிடித்துக்கொள்ளும். வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். அதற்கே பேஸ் போய் வந்தால் இன்னும் பொருந்தவில்லை. இந்த ரப்பர் (சிலிகோன்) டிப் எதுவும் நிற்காத காதுகளுக்கு ஃபோம் டிப் நல்ல வழி. ஃபோமை விரலால் உருட்டிச் சுருக்கிச் செருகி, அது விரியும் வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். சில மாடல்களில் டிப்பை மாட்டும் இடமே ஒலியை மாற்றும். சென்ஹைசர் ஐஇ 200-இல் டிப் இரண்டு நிலைகளில் உட்காரும். ஒன்றில் பேஸ் கூடுதலாகவும் மற்றதில் குறைவாகவும் இருக்கும்.

டிப் சரியாக இருந்தும் பேஸ் குறைவாகத் தெரிந்தால் வால்யூமைப் பாருங்கள். ராத்திரி மெதுவாக வைத்துக் கேட்பவருக்குப் பேஸ் குறைவாகத்தான் கேட்கும். அது காதின் இயல்பு. பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வெளியிட்டார்கள். சத்தம் குறையக் குறைய, நடு ஒலிகளைவிடத் தாழ்ந்த ஒலிகளுக்குக் காது வேகமாக மந்தமாகிறது. அதே இயர்போன் பகலில் சற்றுக் கூடுதல் வால்யூமில் நன்றாக இருக்கும்.

கழற்றி மாட்டும் கேபிள் உள்ள இயர்போன்களில் இன்னொரு காரணமும் உண்டு. 0.78 மில்லிமீட்டர் இரண்டு பின் வகைக் கேபிளை ஒரு பக்கம் மட்டும் தலைகீழாக மாட்டிவிட்டால் அந்தப் பக்கம் எதிர்த் திசையில் இயங்கும். அப்போது பேஸ் வலுவிழந்தது போலத் தோன்றும், பாட்டு தலைக்குள் எங்கேயும் நிலைகொள்ளாது. பேச்சுப் பதிவைப் போடுங்கள். குரல் இரு காதுக்கும் நடுவில் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் பரவிக் கலங்கினால் ஒரு பக்கத்துப் பின்னைக் கழற்றித் திருப்பி மாட்டிப் பாருங்கள். வட்டமான எம்எம்சிஎக்ஸ் இணைப்பில் இந்தத் தொல்லை வராது.

பாடுபவர் குரலைக் காணோம், பின்னணி இசை மட்டும் தூரத்தில் கேட்கிறது

விசித்திரமாகத் தோன்றும், ஆனால் காரணம் எப்போதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 3.5 மில்லிமீட்டர் ஜாக்கில், இரு பக்கத்துக்கும் பொதுவான மின் திரும்பு வழியான கிரவுண்டின் தொடுகை விட்டுப்போயிருக்கிறது. கிரவுண்ட் இல்லாதபோது இரண்டு பக்கமும் தொடராகச் சேர்ந்து, இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் ஒலிக்கும். குரலை ஒலிப்பதிவில் பெரும்பாலும் நடுவில், இரு பக்கமும் சமமாக வைப்பார்கள். வித்தியாசத்தில் அது அடிபட்டுப் போய்விடும். பக்கத்தில் வைத்த வயலினும் கோரஸும் எதிரொலியும் மிஞ்சும்.

ஜாக்கை முழுதாக அழுத்துங்கள். தடித்த போன் உறை இருந்தால் கழற்றுங்கள், அது ஒரு மில்லிமீட்டர் தடுத்தாலே போதும். துளைக்குள் சட்டைப்பைப் பஞ்சு அடைந்திருக்கலாம். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெல்ல எடுங்கள். பழைய கருவியில் புது இயர்போனை, அல்லது புதுப் போனில் பழைய இயர்போனை மாட்டியிருந்தால் மைக்கும் கிரவுண்டும் இடம் மாறிய வயரிங்காக இருக்கலாம். சிடிஐஏ, ஓஎம்டிபி என்று இரண்டு முறைகள் இருந்தன. இன்று எல்லாரும் பயன்படுத்துவது முதலாவது. கேபிளில் உள்ள மைக் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்போது மட்டும் குரல் திரும்பி வந்தால் வயரிங்தான் விஷயம். மாற்றிக் கொடுக்கும் சிறிய அடாப்டர் கிடைக்கும்.

ஒரு பக்கம் சத்தம் குறைவு

கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் முன், போன் அமைப்பில் அணுகல்தன்மை பகுதிக்குப் போய் இடது-வலது சமநிலைக் கோட்டைப் பாருங்கள். குழந்தை கையில் போன் போய் வந்த வீடுகளில் அது நகர்ந்திருப்பது புதிதல்ல. அது நடுவில்தான் என்றால், இடது இயர்போனை வலது காதிலும் வலதை இடதிலும் போட்டுக் கேளுங்கள். குறைபாடு இயர்போனோடு சேர்ந்து இடம் மாறினால் கோளாறு இயர்போனிலோ அதற்குப் பின்னாலோ. அதே காதில் நின்றால் அந்தக் காதில் டிப் பொருந்தவில்லை, அல்லது காதில் குறும்பி அடைத்திருக்கிறது. அடைப்பு என்று தோன்றினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். காட்டன் பட்ஸை விட்டுக் குடைந்தால் குறும்பி இன்னும் உள்ளேதான் போகும்.

கோளாறு இயர்போன் பக்கம் என்றால், கழற்றும் கேபிளாக இருந்தால் இரு பக்கமும் கேபிளை மாற்றி மாட்டுங்கள். குறை கேபிளோடு போனால் கேபிள் மட்டும் வாங்கினால் போதும், சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். இயர்போனிலேயே நின்றால் முனையில் இருக்கும் சிறு வலையை வெளிச்சத்தில் பாருங்கள். அதில் படிந்த குறும்பியும் வியர்வையும் ஒலியை, குறிப்பாக மேல் ஒலிகளை, அடைத்துவிடும். டிப்பைக் கழற்றி, முனை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, உலர்ந்த மென்மையான பிரஷால் துடையுங்கள். போஸ்டர் ஒட்டப் பயன்படும் பிசின் உருண்டையை வலைமேல் மெல்ல ஒற்றி எடுத்தால் நன்றாகவே வரும். ஊசி வேண்டாம், வாயால் ஊதவும் வேண்டாம். ஊதினால் அழுக்கும் ஈரமும் சேர்ந்து, ஒலியை எழுப்பும் மெல்லிய படலமான டயஃப்ரத்தின் மேல் போய் உட்காரும்.

சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் மாதிரிக் கடலோர ஊர்களில் நடைப்பயிற்சி முடித்து வியர்வையோடு இயர்போனை டப்பாவில் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே தங்கும். ஈரம் வலையின் கண்களை மூடினாலும் சத்தம் இறங்கும். துடைத்து, சிலிக்கா ஜெல் பையோடு ஓர் இரவு மூடி வைத்துவிட்டு மறுநாள் கேளுங்கள். திரும்பி வந்தால் பழுதில்லை.

காதில் செருகும்போது ‘கிரிக்’ என்று மெல்லிய சத்தம் வந்து, ஒரு பக்கம் சற்று நேரம் அமுங்கிக் கேட்கிறதா? அடைபட்ட காற்று டயஃப்ரத்தை வளைக்கிறது. காற்றுத் துளை சிறியதாக உள்ள மாடல்களில் இது சகஜம். மெதுவாகச் செருகுங்கள், பொதுவாக ஆபத்தில்லை.

‘ஸ்’ வரும் இடமெல்லாம் காதைக் குத்துகிறது

பாடகி ‘ஸ’, ‘ஷ’ உச்சரிக்கும் இடமும் ஜால்ராச் சத்தமும் சுரீரென்று இருந்தால், 5 முதல் 9 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதி தூக்கலாக இருக்கிறது என்று பொருள். இதில் இயர்போனின் சொந்தக் குணம் உண்டு, ஆனால் உங்கள் காதின் பங்கும் உண்டு. டிப்புக்கும் செவிப்பறைக்கும் நடுவில் அடைபட்ட குழாய்க்கு ஒரு ஒத்ததிர்வு, அதாவது ஒரு குறிப்பிட்ட ஒலியைத் தூக்கிக் காட்டும் இடம், இருக்கிறது. அது பலருக்கு 8 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் விழும். இயர்போனை இன்னும் உள்ளே தள்ளினால் மிச்சமிருக்கும் குழாய் குட்டையாகி அந்த உச்சம் மேலே நகரும், குத்தல் குறையும். வெளியே இழுத்தால் கீழே இறங்கி ‘ஸ்’ இருக்கும் இடத்துக்கே வந்து நிற்கும். ஆகவே இங்கும் முதல் மருந்து டிப்தான். ஒரு அளவு சிறியதைப் போட்டு ஆழமாக, ஆனால் கசிவில்லாமல் வைத்துப் பாருங்கள். ஃபோம் மேல் ஒலிகளைக் கொஞ்சம் உறிஞ்சும்.

இணையத்தில் கிடைக்கும் அலைவெண் வரைபடத்தை (எந்த ஒலி எவ்வளவு சத்தமாக வருகிறது என்று காட்டும் படம்) வைத்து இந்தப் பகுதியைத் தீர்ப்புச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. அளக்கும் செயற்கைக் காதுகளில் பரவலாகப் பயன்படுவது ஐஇசி 60318-4 என்ற சர்வதேசத் தரத்தைச் சேர்ந்தது. அளப்பவர்கள் அதன் ஒத்ததிர்வை 8 கிலோஹெர்ட்ஸில் விழும்படி வைத்து அளப்பது வழக்கம். படத்தில் அங்கே தெரியும் மலை உங்கள் காதில் வேறு இடத்தில் இருக்கும். டோன் ஜெனரேட்டரில், வால்யூமை நன்றாகக் குறைத்துக்கொண்டு, 4,000-லிருந்து 10,000 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றுங்கள். எங்கே சத்தம் துருத்திக்கொண்டு வருகிறதோ அதுதான் உங்கள் உச்சம். ஈக்வலைசரில் அந்த இடத்தில் மட்டும் குறுகலாக 3 அல்லது 4 டெசிபல் குறையுங்கள். ட்ரெபிள் முழுவதையும் இறக்கினால் தம்புராவின் ரீங்காரமும் சேர்ந்து செத்துவிடும்.

போர்வைக்குள்ளிருந்து கேட்பது போல மந்தமாக இருக்கிறது

ப்ளூடூத் இயர்போனை லேப்டாப்பில் இணைத்திருந்தால் இதற்கு ஒரு சந்தேகத்துக்கிடமான ஆள் உண்டு: மைக். ஏதாவது ஒரு செயலி மைக்கைப் பிடித்த கணமே ப்ளூடூத் இணைப்பு அழைப்பு முறைக்குத் தாவும். அந்த முறையில் ஸ்டீரியோ போய் மோனோவாகும். மாதிரி எடுக்கும் வேகம் பழைய முறையில் 8, சற்றுப் புதியதில் 16 கிலோஹெர்ட்ஸ்; அதாவது 4 அல்லது 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஒன்றுமே வராது. எந்தப் பத்தாயிரம் ரூபாய் இயர்போனும் இங்கே தொலைபேசிதான். மீட்டிங் செயலியை முழுதாக மூடுங்கள். விண்டோஸில் ஒலி வெளியீட்டைப் பாருங்கள். ‘ஹேண்ட்ஸ்-ஃப்ரீ’ என்று இருந்தால் ஸ்டீரியோ என்று இருப்பதற்கு மாற்றுங்கள். மீட்டிங்குக்கு லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டால் இந்தத் தொல்லை திரும்ப வராது.

அது இல்லை என்றால் வலை அடைப்பு. அதுவும் இல்லை என்றால், சரி, இப்போது இயர்போனைச் சந்தேகப்படலாம். 200 ஹெர்ட்ஸைச் சுற்றிய பகுதியைத் தூக்கிவைத்துச் செய்யப்பட்ட மாடல்கள் இந்த விலையில் நிறைய. கடையில் இரண்டு நிமிடம் கேட்பவருக்கு அது “கனமான சத்தம்” என்று பிடித்துப்போகும். வீட்டில் மிருதங்கத்தைக் கேளுங்கள். தொப்பியின் ஆழ்ந்த அடி, வலந்தலையின் சுருதி சேர்ந்த மீட்டு, இரண்டும் வேறு வேறு தோல் என்று தெரிய வேண்டும். தொப்பி அடி நீண்டு வழிந்து அடுத்த சொல்லை மூடினால், குரலின் கீழ்ஸ்தாயியும் அதில் மாட்டியிருக்கும். 200 ஹெர்ட்ஸில் அகலமாக 3 டெசிபல் குறைத்தால் பல மாடல்கள் பிழைத்துக்கொள்ளும். அதிலும் தெளியவில்லை என்றால் அந்த இயர்போன் அவ்வளவுதான்.

இரைச்சல், கரகரப்பு, சுருக்கென்ற ஷாக்

ஒயர் உள்ள இயர்போனில் பாட்டு ஓடாதபோதே ‘ஸ்ஸ்’ என்று கேட்டால் அது இயர்போனின் குறை அல்ல, லேப்டாப் அல்லது அடாப்டரின் பின்னணி இரைச்சல். உணர்திறன் அதிகமுள்ள இயர்போன் அதைக் காட்டிக் கொடுக்கிறது. நல்ல யுஎஸ்பி-சி டாங்கிள் (யுஎஸ்பி துளையில் மாட்டி இயர்போனைச் செருகும் சிறு அடாப்டர்) ஒன்று போதும். சார்ஜர் போட்டிருக்கும்போது மட்டும் ‘ம்ம்ம்’ என்று முனகி, உலோக உடல் கொண்ட இயர்போன் காதில் எறும்பு கடிப்பது போல ஷாக் அடித்தால், லேப்டாப் சார்ஜரின் இரண்டு பின் பிளக் வழியே எர்த் இல்லாமல் சிறு மின்கசிவு வருகிறது. எர்த் உள்ள மூன்று பின் சார்ஜருக்கு மாறுங்கள், அல்லது பேட்டரியில் ஓட்டிக் கேளுங்கள்.

நடக்கும்போது தடதடவென்று கேட்டால் கேபிள் சட்டையில் உரசுகிறது. காதுக்கு மேலாகச் சுற்றி மாட்டினால் பெரும்பகுதி போய்விடும். பாட்டின் சத்தமான இடங்களில் மட்டும் கரகரத்தால் ஈக்வலைசரில் எதையோ ஏற்றிவிட்டு, மொத்த அளவை அதே டெசிபல் இறக்க மறந்திருக்கிறீர்கள். ப்ளூடூத் பஸ் நிலையத்தில் விட்டு விட்டு வந்தால், ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறையான எல்டாக்கை 990 கேபிபிஎஸ்ஸில் பூட்டி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். 660-இலோ, தேவைப்பட்டால் 330 வரை தானாக இறங்கும் நிலையிலோ விடுங்கள். நெரிசலில் அறுந்து அறுந்து வரும் 990-ஐவிட அறாமல் வரும் 330 மேல்.

முழு வால்யூமிலும் சத்தம் போதவில்லை

சில ஆண்ட்ராய்டு போன்களில் ஆப்பிளின் யுஎஸ்பி-சி அடாப்டர் மாட்டினால் வெளியீடு மிகக் குறைவாகவே வரும். அடாப்டரைக் குறை சொல்வதற்கில்லை, இரண்டும் பேசிக்கொள்ளும் விதம் அப்படி. வேறு டாங்கிள் மாற்றுங்கள். ஃபைனல் இ3000 போலச் சில மாடல்கள் இயல்பிலேயே கூடுதல் வால்யூம் கேட்பவை. எதற்கும் ஓர் எல்லை உண்டு: பெரியவர்களுக்கு 80 டெசிபல் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பஸ்ஸில் இரைச்சலை வெல்ல வால்யூமை ஏற்றுகிறவர், அதற்குப் பதிலாக அடைப்பை இறுக்குவது நல்லது.

எல்லாம் சரி, ஆனாலும் பிடிக்கவில்லை

இப்போதுதான் ஒலித்தரம் என்ற பேச்சே தொடங்குகிறது. “இன்னும் ஐம்பது மணி நேரம் ஓடவிடுங்கள், திறந்துகொள்ளும்” என்று யாராவது சொல்வார்கள். ஓடி ஓடி மாறுவது பெரும்பாலும் உங்கள் காதின் பழக்கம்தான். பழக்கத்துக்கு நாலைந்து நாள் கொடுங்கள், பழைய இயர்போனை அந்த நாள்களில் தொடாதீர்கள். பிறகு பழையதையும் புதியதையும் ஒரே பாட்டில் மாற்றி மாற்றிக் கேளுங்கள், ஆனால் சத்தத்தின் அளவை முதலில் சமன் செய்துவிட்டு. ஒன்றிரண்டு டெசிபல் கூடுதலாக ஒலிப்பது எதுவோ அதுதான் தெளிவாகவும் விரிவாகவும் இருப்பதாகத் தோன்றும். கடைகளில் நடக்கும் ஒப்பீடுகள் பாதி இதில்தான் கெடுகின்றன.

கேட்கும்போது பொதுவாக “நன்றாக இருக்கிறதா” என்று கேட்டுக்கொள்ளாதீர்கள். பேசுபவர் குரல் நேரில் கேட்கும் மனிதக் குரல் போல இருக்கிறதா, மூக்கடைத்திருக்கிறதா? கோரஸும் வயலின்களும் சேரும் இடத்தில் பேஸ் கிட்டாரின் மெட்டைத் தனியாகப் பின்தொடர முடிகிறதா? ஒரு மணி நேரம் கழித்துக் கழற்றத் தோன்றுகிறதா? கடைசிக் கேள்விக்கு நான் அதிக மதிப்பெண் தருவேன். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர் பலரைக் கேட்க வைத்து உருவாக்கிய இலக்கு வளைவை (எந்த ஒலி எவ்வளவு இருக்க வேண்டும் என்று காட்டும் கோடு) ஒட்டியே இந்த விலை மாடல்கள் பல செய்யப்படுகின்றன. பெரும்பான்மைக்குப் பிடித்த ஒலி அது. அதன் பேஸ் உங்களுக்கு அதிகமாகத் தோன்றினால் உங்கள் காதில் குறையில்லை. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 2, 3 டெசிபல் குறைத்துப் பார்க்கலாம்.

ஈக்வலைசரில் 5 டெசிபலுக்கு மேல் மாற்றினால்தான் பிடிக்கிறது என்ற நிலை வந்தால் திருப்பிக் கொடுப்பது உத்தமம். காதுக்குள் போகும் பொருள் என்பதால் பிரித்த பின் திரும்ப எடுக்காத கடைகள் உண்டு. பழுது என்றால் மாற்றித் தருவார்கள், பிடிக்கவில்லை என்றால் மாட்டார்கள். அந்த விதியை வாங்கும் முன்பே கேட்டுக்கொண்டு, பெட்டியையும் மாட்டிப் பார்க்காத டிப்களையும் பத்திரமாக வைத்திருங்கள்.